பின்னோக்கி ஓட்டிக் கேட்டவர்கள்

1990 கோடையில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஒரு பாட்டின் மேல் வழக்கு நடந்தது. ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழு 1978இல் வெளியிட்ட 'ஸ்டெயின்ட் கிளாஸ்' ஆல்பத்தில் இருந்த பாட்டு அது. 1985 டிசம்பரில் அந்த ஆல்பத்தைக் கேட்டபடி குடித்திருந்த இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அப்போதே இறந்தார். மற்றவர் பிழைத்து, மூன்று ஆண்டுகள் கழித்து இறந்தார். 'செய்துவிடு' என்ற கட்டளை பாட்டுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது குடும்பத்தாரின் வாதம். நிபுணர்கள் வந்தார்கள். ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டார்கள், மெதுவாக ஓட்டினார்கள், பின்னோக்கியும் ஓட்டினார்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்டு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, பக்கவாத்தியம் இல்லாமல், அந்த வரிகளைப் பாடிக்காட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அந்தப் பாடகரிடம் உண்மையிலேயே ஓர் இரகசியம் இருந்தது. சாத்தானுக்கும் சாவுக்கும் அதில் வேலையில்லை. அவர் ஆண்களை நேசிப்பவர், அவ்வளவுதான். அதையும் அவர் பாதாளத்தில் புதைத்து வைக்கவில்லை. 1977இல் வந்த 'சின் ஆஃப்டர் சின்' ஆல்பத்தில் 'ரா டீல்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் நடப்பதுதான் அதன் விஷயம். நியூயார்க் பக்கத்தில் அவர்களுடைய கோடைக்காலப் புகலிடமாக அன்றே பேர்பெற்றிருந்த ஃபயர் ஐலண்ட் தீவின் பெயர்கூட அதில் வருகிறது. ரசிகர்கள் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், அடுத்த பாட்டுக்குப் போனார்கள். பின்னோக்கி ஓட்டிக் கேட்டவர்களுக்கு, முன்னோக்கி ஓடிய பாட்டில் இருந்தது காதில் விழவே இல்லை.

2022 நவம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் ஜூடாஸ் பிரீஸ்ட் கௌரவிக்கப்பட்டது. 71 வயது ஹால்ஃபோர்டு, மார்பில் புரளும் வெண்தாடியோடு மேடையேறி, குழுவில் இருக்கும் 'கே' ஆள் நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அரங்கம் ஆர்ப்பரித்தது. ரீனோவுக்கும் இந்த மேடைக்கும் இடையே 32 ஆண்டுகள். மெட்டல் உலகம் திருந்திவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. யாருக்கு, எந்த வரிசையில், எதை இழந்து இந்த ஏற்பு கிடைத்தது என்று பார்த்தால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

மெட்டல் பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பர்மிங்காமும் அதைச் சுற்றிய தொழிற்பேட்டைகளும். நிலக்கரிப் புகையால் 'கருப்பு நாடு' என்றே பேர்வாங்கிய பகுதி அங்கே உண்டு. பிளாக் சப்பாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தது இந்த ஊரில்தான். ஹால்ஃபோர்டு 1951இல் பிறந்து, பக்கத்து வால்சால் நகரின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். அப்பா எஃகுத் தொழிலாளி. இரும்பு வார்க்கும் ஆலையின் நெடியை மூச்சில் இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனதைப் பற்றி அவர் பல முறை சொல்லியிருக்கிறார். உடல்வலுவும், வலியைக் காட்டிக்கொள்ளாத குணமும், சனிக்கிழமை இரவுக் குடியும்தான் அங்கே ஆண்மைக்கு அடையாளம். அந்த உலகத்தின் இசைதான் பின்னாளில் உலகம் முழுக்கப் போனது. இங்கிலாந்தில் இரண்டு ஆண்கள் தனியறையில் உறவுகொள்வது 1967 வரை குற்றம். சட்டம் தளர்ந்தபோது ஹால்ஃபோர்டுக்கு 16 முடியவில்லை. தளர்ந்த சட்டமும் 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான்.

1973இல் அவர் ஜூடாஸ் பிரீஸ்டில் சேர்ந்தார். குழுவின் பேஸ் கித்தார் கலைஞர் இயன் ஹில் அப்போது ஹால்ஃபோர்டின் தங்கையைக் காதலித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகத்தான் அறிமுகம். ஆரம்பப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பளபளக்கும் துணிகள், தொளதொளச் சட்டைகள், ஆளுக்கொரு திசையில் போகும் உடைகள். பாட்டு இரும்பு, உடுப்பு பட்டு. 1978இல் அது மாறியது. கருப்புத் தோல் உடை, உலோகக் குமிழ்கள், சங்கிலி, கையில் சவுக்கு, ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் மேடைக்குள் நுழைவது என்று ஒரு புதிய கோலம் வந்தது. அதன் பிறகு மெட்டல் ரசிகன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று உலகம் தீர்மானித்துவிட்டது. டோக்கியோவிலிருந்து சாவோ பாவுலோ வரை பையன்கள் கைப்பட்டையில் ஆணி தைத்துக்கொண்டார்கள்.

அந்த உடை அன்றைய லண்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் தன்பாலீர்ப்பு ஆண்களுடைய தோல் உடை மதுக்கூடங்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஆகவே ஹால்ஃபோர்டு உலகத்துக்கே இரகசியச் சைகை காட்டினார் என்று பலர் எழுதிவிட்டார்கள். கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் ஹால்ஃபோர்டே அதை மறுக்கிறார். இசைக்குப் பொருத்தமாக இருந்தது, அணிந்தோம், அதற்கும் என் படுக்கையறைக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அவர் விளக்கம். கித்தார் கலைஞர் கே.கே. டவுனிங்கோ தோல் உடை யோசனையில் தன் பங்கைச் சொல்கிறார். நான் ஹால்ஃபோர்டை நம்புகிறேன். ஆனாலும் விளைவு விளைவுதானே. தன்பாலீர்ப்பாளர்களை வெறுத்துக் கத்திய எத்தனையோ பையன்கள், அவர்களுடைய மதுக்கூடங்களில் வாசற்காவலர் கேள்வி கேட்காமல் உள்ளே விடும் உடையில்தான் இருபது வருடம் திரிந்தார்கள்.

எண்பதுகள் ஜூடாஸ் பிரீஸ்டின் பொற்காலம். 1980இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 1982இல் 'ஸ்க்ரீமிங் ஃபார் வெஞ்சன்ஸ்', 1983இல் கலிஃபோர்னியாவில் யூஎஸ் ஃபெஸ்டிவலின் மெட்டல் நாளில் லட்சக்கணக்கான கூட்டம், 1985இல் லைவ் எய்ட். மேடையில் 'மெட்டல் கடவுள்' என்று பட்டம். மேடைக்குப் பின்னால் பயம், மது, போதை. சக கலைஞர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களுக்கு அதில் பிரச்சினையும் இல்லை. ஆனால் வெளியே தெரிந்தால் குழுவின் கதை முடிந்துவிடும், நால்வரின் பிழைப்பில் தன்னால் மண் விழும் என்று ஹால்ஃபோர்டு நினைத்தார். 1986 தொடக்கத்தில் குடியை விட்டார். அதே காலத்தில் காதலர் ஒருவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். 2020இல் வெளிவந்த தன் சுயசரிதையில் இதையெல்லாம் ஒளிவுமறைவின்றி, பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கும்படியும் எழுதியிருக்கிறார். 'கன்ஃபெஸ்' என்று அதற்குப் பெயர் வைத்ததில் ஒரு வால்சால் குசும்பு இருக்கிறது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எயிட்ஸ் பரவிய காலம். செய்தித்தாள்களும் பிரசங்கிகளும் அதைத் தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கிடைத்த தண்டனை என்று எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். பிரிட்டன் 1988இல் 28ஆம் பிரிவு என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கும் எதையும் செய்யக்கூடாது என்றது. மெட்டல் உலகத்துக்குள் பேச்சு இன்னும் மோசம். 1988இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் வெளியிட்ட 'ஒன் இன் எ மில்லியன்' பாட்டில் கருப்பினத்தவரையும் குடியேறிகளையும் தன்பாலீர்ப்பாளர்களையும் இழிசொல்லால் திட்டும் வரிகள் இருந்தன. 1989இல் ஸ்கிட் ரோ குழுவின் பாடகர், எயிட்ஸால் தன்பாலீர்ப்பாளர்கள் சாவதைக் கேலி செய்யும் வாசகம் பொறித்த பனியனோடு மேடையேறினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பனியன் படமோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸின் கிளாம் மெட்டல் ஆண்கள் உதட்டுச் சாயம், கண்மை, ரோஜா நிறக் கால்சட்டை, ஒரு டப்பா ஸ்ப்ரே அடித்துத் தூக்கி நிறுத்திய கூந்தல் என்று உலாவினார்கள். அத்தனை அலங்காரத்துக்கும் ஈடுகட்டப் பாட்டுக்குப் பாட்டு பெண்களைத் துரத்தினார்கள். பெண்ணைப்போல உடுத்தியவர்கள் பெண்பித்தர்கள், ஆணிலும் ஆணாக உடுத்தி நின்றவர் ஆண்களை நேசிப்பவர். தோற்றத்தை வைத்து ஆளை எடைபோட்டவர்கள் எல்லாரும் தோற்ற காலம் அது.

1992இல் நடந்த இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். மெட்டாலிக்காவும் கன்ஸ் அண்ட் ரோசஸும் சேர்ந்து வட அமெரிக்க மைதானங்களைச் சுற்றின. அந்தப் பயணத்தில் முன்னால் வாசித்த குழு ஃபெயித் நோ மோர். அதன் கீபோர்டு கலைஞர் ராடி பாட்டம் தன்பாலீர்ப்பாளர். அவர் வரிகள் எழுதி, குழுவின் பாடகர் மைக் பேட்டன் பாடிய 'பி அக்ரெசிவ்' பாட்டு அந்த ஆண்டு ஆல்பத்தில் இருந்தது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான வாய்வழி உறவுதான் அதன் பொருள். பள்ளி விளையாட்டு மைதானத்து உற்சாகக் குழுப் பெண்கள் கத்துவதுபோல ஒரு கோரஸ் வேறு. 'ஒன் இன் எ மில்லியன்' பாடியவரின் ரசிகர்கள், மாலை வெயிலில் பியரோடு நின்று இந்தக் குழுவைக் கேட்டார்கள். 1993இல் பாட்டம் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். பெரிய அதிர்வு எதுவும் எழவில்லை. ஹால்ஃபோர்டுக்கு ஐந்து ஆண்டுகள் முந்தியவர் அவர். இன்று அவர் பெயரை யாரும் முதலில் சொல்வதில்லை. ஃபெயித் நோ மோர் 'சுத்தமான' மெட்டல் இல்லை என்று கறாராகப் பேசும் ரசிகர்கள் உண்டு. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1998 பிப்ரவரியில் ஹால்ஃபோர்டு ஜூடாஸ் பிரீஸ்டில் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிந்து வந்து, 'டூ' என்ற புதிய குழுவின் 'வாயர்ஸ்' ஆல்பத்துக்காக எம்டிவிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். திட்டமிட்டுப் போகவில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது. நான் வாழ்நாள் முழுக்கத் தன்பாலீர்ப்பாளனாகவே இருந்திருக்கிறேன், பலருக்கு இது தெரிந்தும் இருக்கும் என்ற பொருளில் சொன்னார். அறையில் யாரோ கையிலிருந்த எழுத்து அட்டையைக் கீழே போட்ட சத்தம் கேட்டதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விடுதிக்குத் திரும்பியதும் கலக்கம் பற்றிக்கொண்டது. பிறகு கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அன்பானவை. நீங்கள் சொன்னதால் நான் என் வீட்டில் சொன்னேன் என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

'வாயர்ஸ்' படுதோல்வி அடைந்தது. காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். மெட்டல் ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போனது அதன் கணினி ஓசையும், இயந்திரத் தாளமும், ஹால்ஃபோர்டு பூசியிருந்த கண்மையும். எங்கள் கடவுள் எப்படி மெட்டலை விட்டுப் போகலாம் என்பதுதான் அவர்களுடைய ஆத்திரம். 2000இல் அவர் தோல் உடையை மாட்டிக்கொண்டு 'ரிசரெக்ஷன்' ஆல்பத்தோடு திரும்பியதும் எல்லாம் மறக்கப்பட்டது. ஆண்களை நேசிப்பதை மன்னித்தார்கள், கீபோர்டை மன்னிக்கவில்லை. ரசிகர் கூட்டத்தின் ஒழுக்க விதிகள் எப்போதுமே சமூகத்தின் விதிகளோடு ஒத்துப்போவதில்லை. இங்கே அது நல்லதாகப் போயிற்று.

2003 ஜூலையில் அவர் ஜூடாஸ் பிரீஸ்டுக்கே திரும்பினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் 26 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெக்சாஸ் மாநிலத்துச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய சட்டம். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரம் மெட்டலின் கோட்டை, ஜூடாஸ் பிரீஸ்டை ஆரம்பத்திலிருந்தே தோளில் தூக்கிக் கொண்டாடிய ஊர். அந்த ஊர் மேடைகளில் கால் நூற்றாண்டாகக் கடவுளாக நின்ற மனிதர், அத்தனை ஆண்டுகளும் அந்த மாநிலத்துச் சட்டப்படி குற்றவாளி.

இதுவரை சொன்னது ஒரு நட்சத்திரத்தின் கதை. அரியணையில் ஏறி உட்கார்ந்த பிறகு உண்மையைச் சொன்னவரின் கதை. அங்கிருந்து அவரை இறக்கிவிட யாருக்கும் மனம் வரவில்லை. அரியணை இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது?

ஹால்ஃபோர்டு பேசிய அதே 1998இல் டக் பின்னிக்கும் பேசினார். கிங்ஸ் எக்ஸ் என்ற டெக்சாஸ் குழுவின் பாடகர், பேஸ் கித்தார் கலைஞர். கருப்பினத்தவர். கண்டிப்பான கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர். குழுவுக்கும் கிறிஸ்தவ ரசிகர்கள் நிறைய. அவர்களுடைய ஆல்பங்கள் கிறிஸ்தவ இசைக் கடைகளில் விற்றன. பின்னிக் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னதும் அந்தக் கடைகள் கதவைச் சாத்தின. பெரிய குழுக்களின் கலைஞர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியும், விற்பனையில் எப்போதும் விளிம்பில் நின்ற குழு அது. அந்த விளிம்பிலிருந்தும் ஒரு பிடி போனது. சக கலைஞர்கள் இருவரும் அவரை விட்டுப் போகவில்லை. மூவரும் இன்றும் சேர்ந்தே வாசிக்கிறார்கள். ஹால்ஃபோர்டைப் பற்றி நூறு கட்டுரை வந்தால் பின்னிக்கைப் பற்றி ஒன்று வருவதே அபூர்வம். என் கணக்கில் அன்று அதிகம் பணயம் வைத்தவர் அவர்தான்.

நார்வே இன்னும் கடுமையான இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே பிளாக் மெட்டல் என்ற கிளை தழைத்தது. தேவாலயங்களை எரித்த, ஒருவரையொருவர் கொன்ற இளைஞர்களின் இசை. 1992 ஆகஸ்டில் லில்லஹாமர் நகரில், எம்பரர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பார்ட் எய்துன், மேடைப் பெயர் ஃபாஸ்ட், தன்னை அணுகிய ஒரு தன்பாலீர்ப்பு ஆணைக் கத்தியால் குத்திக் கொன்றார். 1994இல் அவருக்கு 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1997இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில், டிஸெக்ஷன் குழுவின் தலைவர் யோன் நோட்வெய்த் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பூங்காவில் ஒரு மனிதரைக் கொன்றார். கொல்லப்பட்டவர் அல்ஜீரியாவிலிருந்து வந்தவர், தன்பாலீர்ப்பாளர். பனியன் வாசகமும் இழிசொல்லும் எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு மெட்டல் வரலாற்றிலேயே இரண்டு பிணங்கள் இருக்கின்றன. 'ஏற்பு' பற்றி எழுதுகிறவர்கள் இவற்றை ஓர் அடிக்குறிப்பாகத் தாண்டிப் போவது எனக்குப் புரிவதில்லை.

அதே நார்வேயில் 2008இல் காய்ல் பேசினார். கோர்கொரோத் குழுவின் பாடகர். 2004இல் போலந்தின் கிராக்கோவில் ஆட்டுத் தலைகளும் சிலுவையில் கட்டிய நிர்வாண மனிதர்களுமாக அந்தக் குழு நடத்திய நிகழ்ச்சி காவல்துறை விசாரணை வரைக்கும் போனது. காய்ல் அடிதடி வழக்குகளில் சிறை சென்றவர். பிளாக் மெட்டலின் மிக அச்சமூட்டும் மனிதர் யார் என்று கேட்டால் பலரும் அவரைத்தான் காட்டுவார்கள். அவர் ஒரு பேட்டியில் அமைதியாக, தான் ஓர் ஆணை நேசிப்பதாகச் சொன்னார். 2010 தொடக்கத்தில் பெர்கன் நகரத்துத் தன்பாலீர்ப்பாளர் விழா அவருக்கு ஆண்டின் சிறந்த ஆளுமை விருது கொடுத்தது. அதிர்ச்சிகள் வந்தாலும், அவருடைய இடம் ஆட்டம் காணவில்லை. தேவாலய ஒழுக்கத்தை உடைப்பதே எங்கள் வேலை என்று மார்தட்டிய கூட்டம், தேவாலயம் பாவம் என்று சொன்ன ஒன்றை மட்டும் எப்படித் தானும் பாவம் என்று சொல்ல முடியும்? தர்க்கம் அவர்களுடைய காலையே கட்டிவிட்டது. அவருக்கு எதிரே நின்று கேலி செய்ய யாருக்கும் துணிவில்லை என்பதும் ஒரு காரணம்தான். காய்ல் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

காய்லைப்போல அச்சுறுத்தாதவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். ஃபுளோரிடாவின் மயாமியில் சிறுவயது நண்பர்கள் இருவர் இருந்தார்கள். கித்தார் கலைஞர் பால் மாஸ்விடால், டிரம்ஸ் கலைஞர் ஷான் ரைனெர்ட். டெத் குழுவின் 'ஹ்யூமன்' ஆல்பத்தில் 1991இல் இருவரும் வாசித்தார்கள். 1993இல் தங்கள் சொந்தக் குழுவான சினிக்கின் 'ஃபோகஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். டெத் மெட்டலின் கொடூர உறுமலுக்கு நடுவே ஜாஸ் நுணுக்கமும், கணினி வழியாக மாற்றிய மெல்லிய குரலும். இன்று அதைச் செவ்வியல் என்கிறார்கள். அன்று கனிபல் கார்ப்ஸ் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது, அந்த மெல்லிய குரலுக்காகவே கூட்டம் அவர்களை இழிசொல்லால் விளித்தது. கூட்டத்துக்கு அவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் குத்தினார்கள். சினிக் விரைவிலேயே கலைந்து, பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் கூடியது. இருவரும் தங்களைப் பற்றி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் பேசியது 2014 மே மாதம். ஹால்ஃபோர்டு பேசி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மெட்டல் கடவுள் வழியைத் திறந்துவிட்டார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த 16 ஆண்டுகளும், டெத் மெட்டலின் மிகத் தேர்ந்த தாளக் கலைஞர்களில் ஒருவர் அந்த வழியாக நடக்கத் தயங்கி நின்றார்.

அந்தப் பேட்டிக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. இசைக் கலைஞர்கள் வாழ்த்தினார்கள். இளைய குழுவினர் நன்றி சொன்னார்கள். ரைனெர்ட் 2020 ஜனவரியில் 48 வயதில் இறந்தார். அவருடைய உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தபோது, தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்தால் ஏற்கப்படவில்லை என்று அவருடைய கணவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்த ஓர் இடத்திலாவது மெட்டல் கூட்டம் மருத்துவ விதிகளைவிட முன்னே போயிருந்தது.

இன்றைய காட்சியை வேகமாகச் சொல்லிவிடலாம். மேடைகளிலும் ரசிகர்களின் சின்னம் தைத்த கையில்லாச் சட்டைகளிலும் வானவில் நிறம் தெரிவது இப்போது செய்தியே இல்லை. டார்ச் குழுவின் பாடகர் ஸ்டீவ் புரூக்ஸ் எந்த அறிவிப்பும் செய்யாமல் ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாக வாழ்ந்தவர். லைஃப் ஆஃப் அகனி குழுவின் பாடகர் மினா கபூடோ 2011இல் தன்னைத் திருநங்கையாக அறிவித்து, பிறகு அதே குழுவோடு அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டு மேடையேறினார். பெண்களை நேசிக்கும் பெண் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு இன்னும் குறைவு. மெட்டலில் பெண்களுக்கே இடம் குறுகலாக இருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் எழவில்லை. ஓட்டெப் ஷமாயா 2000களிலேயே ஒளிவின்றிப் பாடியவர். கன்ஸ் அண்ட் ரோசஸ் 2018இல் தங்கள் பழைய பாட்டுகளைப் பெரிய பெட்டித் தொகுப்பாக வெளியிட்டபோது 'ஒன் இன் எ மில்லியன்' மட்டும் அதில் சேர்க்கப்படவில்லை. விளக்கமாகப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அமைதியாகக் கழற்றிவிட்டார்கள்.

ஹால்ஃபோர்டு 2024இல் 'இன்வின்சிபிள் ஷீல்டு' ஆல்பத்தோடு மீண்டும் ஊர்சுற்றினார். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். இன்ஸ்டாகிராமில் பூனைப் படம் போட்ட பனியன்களோடு சிரிக்கிறார். மேடையில் மட்டும் அதே ஆணி, அதே தோல், அதே மோட்டார் சைக்கிள்.

மெட்டல் கூட்டம் யாரை ஏற்கும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது என்றால், அது தான் நேசிப்பவரை ஏற்கும். நல்ல பாட்டு கொடுத்தவரிடம் வேறெதையும் கேட்காது. இந்தக் குணம்தான் ஹால்ஃபோர்டைக் காப்பாற்றியது. இதே குணத்தின் மறுபக்கத்தையும் பார்க்கக் கிடைத்தது. நோட்வெய்த் 2004இல் சிறையிலிருந்து வந்து டிஸெக்ஷனை மீண்டும் கூட்டியபோது ரசிகர்கள் திரண்டார்கள். 2014இல், மாஸ்விடாலும் ரைனெர்ட்டும் பேசி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாத் திடலில் எம்பரர் மேடையேறியது. தங்கள் முதல் முழு ஆல்பத்தின் இருபதாண்டு நிறைவுக் கொண்டாட்டம் அது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஃபாஸ்ட். தண்டனை முடிந்து வெளியே வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. கூட்டம் பாட்டுக்குப் பாட்டு கைதூக்கி ஆர்ப்பரித்தது. மறு ஆண்டு அதே வாக்கன் திடலுக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் வந்தது. ஹால்ஃபோர்டு மோட்டார் சைக்கிளில் நுழைந்தார், கூட்டம் அவருக்கும் அப்படியே கைதூக்கியது. இரண்டு ஆண்டும் வந்திருந்தவர்கள் அந்தத் திடலில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.